நூருவை வழியனுப்பப் போனோம்

ஜனவரி 19, 1994. புதன்

பனி. ஏழு மணி வரைக்கும் எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. கள்ளிக்குப்பம் முழுக்க இருமல் சத்தம்.

வாங்க வேண்டியது: இவருக்கு பி.பி. மாத்திரை. வெள்ளை நூல் இரண்டு கண்டு. ரேஷனில் பாமாயில் (வியாழன் வரைதான்).

மதியம் நூர்ஜஹான் டப்பாவைத் திறக்கவே இல்லை. தையல் வரிசையில் என் பக்கத்து மெஷின் அவளுடையது. என்னடி என்றேன். பழுப்புக் கவர் ஒன்றை நீட்டினாள். ரயில்வே. விளையாட்டுக் கோட்டாவில் வேலை, ஹூப்ளியில். முப்பத்தொன்றாம் தேதி கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

"பெர்மனெண்ட்டாக்கா. அங்க டீமு பெருசாம். நெஜமான மைதானம்."

சந்தோஷம்தான். சிரித்தேன். கையைக் கழுவிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவள் ஐந்து வருடமாகக் கேஷுவல், தினக்கூலி. ஒவ்வொரு பொங்கலுக்கும் "இந்த வருஷம் உன்னை நிரந்தரம் பண்ணிடறோம்." இந்தப் பொங்கலுக்கும் சொன்னார்கள். சாஃப்ட்பாலில் எங்கள் கம்பெனிக்கு மூன்று கோப்பை வாங்கித் தந்த கை அது. கேட்டிலிருந்து பார்த்தாலே ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் மூன்றும் தெரியும்.

ஜனவரி 20, வியாழன்

பனி குறைவு. பாமாயில் வாங்கியாயிற்று. வரிசையில் ஒரு மணி நேரம்.

காலையில் நோட்டீஸ் போர்டு முன்னால் கூட்டம். இருபத்தாறாம் தேதி, குடியரசு தினத்தன்று, ஆவடி டீமோடு இறுதி ஆட்டம். ஆடப்போகிறவர்கள் பட்டியல் போன வாரமே ஒட்டியிருந்தது. முதல் பெயர்: நூர்ஜஹான், பிட்ச்சர் (பந்து வீசுகிறவள்). அந்தப் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் லதா என்று எழுதியிருந்தது.

பர்சனல் மேனேஜர் வேலை. (இனி ப.மே. முழுசாக எழுத மனசில்லை.) தையல் ஹாலுக்கே வந்தார். மெஷினையெல்லாம் நிறுத்தச் சொன்னார்.

"கம்பெனி கிரவுண்டுல கத்துக்கிட்டு இன்னொருத்தனுக்கு ஆடப் போறாங்க. போகட்டும். ஆனா இந்தக் காம்பவுண்டுக்குள்ள மாலை, பிரிவுபசாரம் ஒண்ணும் கிடையாது. மேட்ச்லயும் கிடையாது. நன்றி இல்லாதவங்களுக்கு என்ன மரியாதை?"

நூரு தலை நிமிரவில்லை. மழைக்கோட்டுக் கழுத்துப்பட்டி ஒன்றைத் தைத்து முடித்து அடுத்ததை எடுத்தாள். மெஷின் நிற்கும்போது கையால் சக்கரத்தைத் திருப்பித் தைத்தாள்.

அவர் போனதும் கஸ்தூரி. பட்டன் செக்‌ஷன், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "இன்னாக்கா அல்லாரும் செத்த ஊட்ல குந்திகினு கீற மாரி கீறீங்க? அந்தாளு கிழிச்ச கோட்ட நாம பாத்துகினே இருக்கணுமா?"

எல்லோரும் மறுபடி மெஷினை ஓட்டினார்கள். நானும்தான். மார்ச்சில் சூப்பர்வைசர் பட்டியல் வரும். பதினான்கு வருட சர்வீஸ். என் பெயர் அதில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடுவது ப.மே.

ஜனவரி 21, வெள்ளி

இடுப்பு வலி. இவர் வென்னீர் வைத்துக் கொடுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். "நீ வாய மூடிக்கிட்டு இரு வசந்தா. அந்தப் பொண்ணு போயிடும். நீ இங்கதான் இருக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். மூன்று வருடம் முன்னால் சின்ன முதலாளி அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தார். வரும்போது இரண்டு மட்டை, ஒரு பை நிறையத் தோல் கையுறை, தேங்காய் அளவுக்கு இல்லாவிட்டாலும் நல்ல மாங்காய் அளவுப் பந்து. பெண்களுக்கு ஒரு டீம் என்றார். சாஃப்ட்பால். எங்களுக்குச் சிரிப்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டை முழுக்கச் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொங்கல் பொட்டலம் தருவதாகச் சொன்னதால்தான் போனேன்.

அன்றைக்கு நூரு நடுவட்டத்தில் நின்று கையை ராட்டினம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விட்டாள். மட்டைக்காரி வீசி முடிப்பதற்குள் பந்து பின்னால் இருந்தவள் கையுறைக்குள் போய் விழுந்தது. டப். அந்தச் சத்தம். மூன்று தடவை அப்படி. மட்டைக்காரி அவுட். நான் என்னையறியாமல் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று கஸ்தூரி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

அதற்கப்புறம் பொட்டலம் கொடுக்காவிட்டாலும் போனேன். எனக்கு ஓடத் தெரியாது. சின்ன வயசில் பாண்டி ஆடினதோடு சரி. ஆனால் ஞாயிறு இரண்டு மணி நேரம் நான் யாருக்கும் சமைக்கவில்லை, யாருக்கும் பதில் சொல்லவில்லை. நாற்பது பேர் அப்படித்தான்.

பிளேடு வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 22, சனி

அரை நாள். மழைக்காலம் போய்விட்டதால் ஆர்டர் மந்தம்.

லதா என் மெஷின் பக்கம் வந்து நின்றாள். பத்தொன்பது வயது. கண்ணெல்லாம் வீங்கி.

"வசந்தாக்கா, எல்லாரும் என்னையே மொறைக்கிறாங்க. நா கேட்டு வாங்கலக்கா. எனக்கு நேரா போடவே இன்னும் வரல."

"உன் மேல ஒரு தப்பும் இல்ல. போ, சாப்பிடு."

சாப்பாட்டு ஷெட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: புதன்கிழமை லதாவைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை கத்தினால் நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன். கஸ்தூரி முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "அப்போ யாரப் பாத்து கத்துறதாம்?"

"யாரப் பாத்தும் இல்ல. யோசிப்போம்."

அதைச் சொன்னபோதுதான் தெரிந்தது, நான் வாயை மூடிக்கொண்டு இருக்கப்போவதில்லை என்று.

ஜனவரி 23, ஞாயிறு

நல்ல வெயில். இவர் தங்கை வருவதாக இருந்தது, வரவில்லை. நல்லதாயிற்று.

கஸ்தூரியும் நானும் பூந்தமல்லி. பஸ்ஸில் உட்கார இடமில்லை, திருமழிசைச் சந்தைக் கூடைகள். நூரு வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், இரண்டு அறை. அவள் அத்தாவுக்குப் பூட்டு ரிப்பேர் கடை. தாயார் இல்லை. டீயும் வர்க்கியும் கொடுத்தார்.

"ஊர்ல நாலு பேரு நாலு பேசுனாங்கம்மா. பொட்டப் புள்ள பேண்டு போட்டுக்கினு பந்து போடுதுன்னு. இப்ப அதே ஆளுங்க வந்து, ஹூப்ளில எம்புள்ளைக்கும் வேல கெடைக்குமான்னு கேக்குறாங்க." சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

நூரு மட்டும் சிரிக்கவில்லை. எங்களைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணும் செய்ய வேணாம். நா பொறப்பட்டுப் போயிடுவேன். நீங்க அந்தாளுகிட்டயே கெடக்கணும்."

"கெடக்கணும்ல? அதனாலதான் செய்யறோம்," என்றேன்.

எங்கிருந்து அப்படி வந்தது என்று தெரியவில்லை. கஸ்தூரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நூரு கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். கம்பெனி டீம் சட்டை. சனிக்கிழமையே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களாம். கொடுக்கவில்லை.

"புதன்கிழமை மேட்ச் பாக்கவாவது வருவியா?"

"வந்தா தாங்க மாட்டேன்க்கா."

"தாங்காட்டி எங்க பக்கத்துல வந்து ஒக்காரு. நாங்க தாங்கிக்கிறோம்."

ஜனவரி 25, செவ்வாய்

நாளைக்கு யார் யார் வருகிறார்கள் என்று கஸ்தூரி எண்ணினாள். முப்பத்தெட்டு. தலைவலி என்று இரண்டு பேர். கட்டாயப்படுத்தவில்லை.

முடிவு செய்தது இவ்வளவுதான்: கம்பெனி போட்டிருக்கும் பந்தலில் உட்காரக் கூடாது. நூரு எங்கே உட்கார்கிறாளோ அங்கே.

இவரிடம் சொன்னேன். தட்டிலேயே பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சுதானே பண்றே?" தெரிந்துதான். "அப்ப குடை எடுத்துக்கிட்டுப் போ. வெயில்ல ஒக்காந்தா ஒனக்கு மயக்கம் வரும்."

ஜனவரி 26, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கொடியேற்றம், மிட்டாய். அப்புறம் மைதானம். ஷாமியானா, இருநூறு நாற்காலி, மைக். சின்ன முதலாளி முதல் வரிசையில். பக்கத்தில் ப.மே., வெள்ளைச் சட்டை, மார்பில் கொடி.

நூரு வந்தாள். பச்சை சுடிதார், கையில் ஒரு துணிப்பை. பந்தலுக்கு எதிர்ப்பக்கம், கருவேல மரத்தடி. வெறும் மண். நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் பந்தலைத் தாண்டி நடந்து போய் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் குடையை விரித்தேன்.

மைக்கில் ப.மே. குரல்: "ஊழியப் பெண்கள் அனைவரும் பந்தலில் அமரும்படி கேட்டுக்கொள்கிறோம்." யாரும் அசையவில்லை. இரண்டாவது தடவை. கஸ்தூரி உரக்க: "இங்கதான் காத்து நல்லா வருது சார்!"

சிரித்துவிட்டோம். நூருவும்.

இருநூறு நாற்காலியில் ஆபீஸ் ஆட்கள் பதினைந்து பேர். சின்ன முதலாளி திரும்பித் திரும்பிப் பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது.

ஆட்டம். லதா பாவம். முதல் சுற்றிலேயே குறி தவறியது. பந்து மட்டைக்காரியின் தலைக்கு மேல், காலுக்குக் கீழ். நூரு வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்: "தோள எறக்கு, தோள எறக்கு." மூன்றாவது சுற்றில் எழுந்து நின்றே கத்தினாள். "லதா! தோள எறக்குடி!" லதா இறக்கினாள். அந்தச் சுற்றில் இரண்டு பேர் அவுட். நாங்கள் லதாவுக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். கஸ்தூரியும்தான்.

ஏழு சுற்றில் ஐந்து முடிந்தபோது ஆவடி நான்கு ரன், நாங்கள் மூன்று.

ஆறாவது ஆரம்பிக்க வேண்டும். லதா நடுவட்டத்துக்குப் போகவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக எங்களிடம் நடந்து வந்தாள். மைதானமே பார்த்தது. நூருவுக்கு முன்னால் நின்று பந்தை நீட்டினாள்.

"எங்கை ஓஞ்சு போச்சுக்கா. நீங்க போடுங்க."

ப.மே. ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "முடியாது. அவங்க பேரு லிஸ்ட்டுல இல்ல."

அம்பயர் ஒரு கல்லூரி பி.டி. மாஸ்டர், வயதானவர். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். நிதானமாக.

"எனக்குப் போன மாசம் குடுத்த லிஸ்ட்டுல முதல் பேரே அவங்கதான் சார். நீங்க மாத்தி ஒண்ணும் குடுக்கலியே."

நோட்டீஸ் போர்டில் கோடு கிழித்தவருக்கு அம்பயரிடம் சொல்ல மறந்துபோயிருக்கிறது!

"கம்பெனி யூனிஃபார்ம் இல்லாம…" என்று ஆரம்பித்தார். நூரு துணிப்பையிலிருந்து சட்டையை எடுத்தாள். சுடிதார் மேலேயே போட்டுக்கொண்டாள். ஷூ இல்லை, செருப்புதான். லதாவின் ஷூ அவளுக்குப் பத்தாது. செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்தாள். வெறுங்காலோடு போனாள். அம்பயர் அவள் காலைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

ப.மே. சின்ன முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஆறாவது சுற்று: மூன்று மட்டைக்காரிகள், மூன்று பேரும் அவுட். பந்து மட்டையில் ஒருதரம்கூடப் படவில்லை. டப், டப், டப். ஏழாவதில் ஒருத்தி அடித்தாள், உயரப் போனது, லதா ஓடிப் பிடித்தாள். ஓரத்தில் நின்ற ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு லதாவை அங்கே நிறுத்தியிருந்தார்கள். விழுந்து, புரண்டு, பந்தை மட்டும் விடவில்லை.

ஆனால் எங்கள் மட்டைக்கு அதற்கப்புறம் ஒரு ரன்கூட வரவில்லை. நான்குக்கு மூன்று. தோல்வி. கோப்பை ஆவடிக்கு.

தோற்ற மாதிரி இல்லை. ஆவடிப் பெண்களே வந்து நூரு கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நாங்கள் அவளைத் தூக்கவில்லை, மாலை போடவில்லை. எல்லோரும் ஒவ்வொருவராகப் போய் அந்த வலது கையைத் தொட்டோம். மண்ணும் வியர்வையும். என் முறை வந்தபோது கையை விடவில்லை. அவள்தான்: "அக்கா, எஞ்செருப்பு."

ஜனவரி 27, வியாழன்

தொண்டை போய்விட்டது. ஹால் முழுக்க எல்லோருக்கும் கரகரப்பு. வாட்ச்மேன் கேட்டாராம், என்னம்மா ஒட்டுமொத்தமா ஜலதோஷமா என்று.

நூருவை உள்ளே விடவில்லை. கேட்டிலேயே கணக்கை முடித்துக் கவரில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் மெஷின் மேல் உறை போட்டிருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பாமல் வேலை செய்தேன். தையல் கோணல். இரண்டு கோட்டைப் பிரித்துத் தைத்தேன்.

ஜனவரி 29, சனி

மாத்திரை வாங்கியாயிற்று. பிளேடும்.

நூரு திங்கள் மதியம் பெங்களூர் வண்டியில் போகிறாள், அங்கிருந்து ஹூப்ளி. அத்தா கூடப் போகிறார். சென்ட்ரலுக்குப் போய் வழியனுப்ப ஒரு நாள் லீவு வேண்டும். கிடைக்காது. ஆனால் அந்த வண்டி அம்பத்தூர் வழியாகத்தான் போகும். நிற்காது. இருந்தாலும் போகும்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தோம், முப்பத்தோரு பேர். மதியம் வேலை விடுவதற்குள் எல்லாம் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் "இல்லை". முப்பத்தோரு தடவை எழுதியிருக்கிறார். கை வலித்திருக்கும்.

ஜனவரி 31, திங்கள்

மேகமூட்டம். வெயில் இல்லாமல் புழுக்கம்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று பயம். கேட் வரைக்கும் பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டில்தான் எண்ணினேன். என்னோடு பத்தொன்பது. லதாவும்.

வாட்ச்மேன்: "பாஸு?"

கஸ்தூரி: "பாஸெல்லாம் அப்பாலிக்கா வரும். வழிய வுடு நைனா."

விட்டார்.

ஸ்டேஷனில் முதலில் தப்பான பிளாட்ஃபாரத்தில் நின்றுவிட்டோம். எக்ஸ்பிரஸ் அந்தப் பக்கத்துத் தண்டவாளம் என்று பழக்காரம்மா சொன்னாள். மேம்பாலத்தில் ஓட்டம். எனக்கு ஓடத் தெரியாது என்று எழுதியிருந்தேன். தெரிகிறது. கஸ்தூரியின் செருப்பு வார் அறுந்தது, கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வரிசையாக நின்றோம். ஒரு பெரியவர் கேட்டார்: "யாரும்மா வர்றாங்க? மந்திரியா?"

"மந்திரி இன்னா மந்திரி. எங்க பிட்ச்சரு வருது."

"யாரு?"

"பந்து போடுற பொண்ணு," என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் நகராமல் எங்களோடு நின்றார்.

வண்டி வந்தது. இவ்வளவு வேகமாகப் போகும் என்று நினைக்கவில்லை. காற்றே தள்ளியது. ஜன்னல், ஜன்னல், ஜன்னல், ஒரு முகமும் பிடிபடவில்லை. போச்சு என்று நினைத்தேன். கடைசிப் பக்கம் ஒரு கதவு திறந்திருந்தது. அங்கே அவள். இரண்டு கையையும் விட்டுவிட்டு ஆட்டுகிறாள், பாவி! பின்னாலிருந்து அத்தா துப்பட்டாவைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், வாய் முழுக்கத் திட்டு. என்னவோ கத்தினாள். காதில் விழவில்லை. லதா மட்டும் கேட்டது என்கிறாள். என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நாங்கள் கத்தினது அவளுக்குக் கேட்டிருக்கும். பக்கத்து ஸ்டேஷன் பட்டரவாக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பத்து நொடி இருக்குமா? இருக்காது. திரும்பி நடந்து கம்பெனிக்கே போனோம். மிச்ச நேரம் வேலை பார்த்தோம். ஒரு தையல்கூடக் கோணலில்லை.

பிப்ரவரி 2, புதன்

பனி மறுபடியும்.

பத்தொன்பது பேருக்கும் மெமோ. ஆங்கிலத்தில். இவர் படித்துச் சொன்னார்: அனுமதியில்லாமல் வேலை நேரத்தில் வெளியேறியது ஏன், இரண்டு நாளில் எழுத்து மூலம் விளக்கம். சூப்பர்வைசர் பட்டியல் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"காய்ச்சல்னு எழுது. டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கித் தர்றேன்."

"எனக்குக் காய்ச்சல் இல்ல."

மெமோவை மடித்து வைத்தார். அப்புறம் உள்ளே போய்ப் பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்து வந்தார். தமிழில் எழுதினேன்:

'எங்களோடு ஐந்து வருடம் வேலை செய்தவளும் இந்தக் கம்பெனிக்காக ஆடியவளுமான நூர்ஜஹானை வழியனுப்ப ரயில் நிலையம் போனேன். அனுமதி கேட்டேன். தரவில்லை. போனேன். வேறு காரணம் இல்லை. வருத்தமும் இல்லை.'

இவர் படித்தார். "ஆரம்பத்துல 'பணிவுடன்'னு ஒரு வார்த்தை போடேன்."

"வேண்டாம்."

பிப்ரவரி 3, வியாழன்

காலை ஆறு மணிக்கே கஸ்தூரி வாசலில். "எனக்கு எழுத வராதுக்கா. நீ எழுதினதையே எழுது, பேர மட்டும் மாத்திப் போடு." அவள் பின்னால் லதா. லதா பின்னால் தெருமுனை வரைக்கும் ஆள். இவர் எல்லோருக்கும் டீ போடுகிறார், சர்க்கரை பத்தாது. இதுவரை பதினோரு தாள். நீல மை தீர்ந்துவிட்டது. மிச்சம் கறுப்பில்.